கல்லில் எழுதிய கை

நாள்தோறும் கண்ணிற் படுவதை நாம் காண்பதேயில்லை. சொல்வதற்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே. கள்ளக்குறிச்சியில் வாழும் நமக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. சுபுஹுத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசற் படியிறங்கும்போது, விடியலின் ஒளியில் அதன் முகடுகள் மெல்லத் துலங்குகின்றன. அந்த முகடுகள் எத்தனை, அவற்றுள் உயர்ந்தது எது என்று ஒருவர் கேட்டால் விடை சொல்ல இயலாமல் விழிப்போம். வெளியூர் விருந்தினர் ஒருவர், "உங்கள் ஊருக்கு இப்படியொரு மலையா!" என்று வியக்கும்போதுதான் நாமும் தலைநிமிர்ந்து அதனைப் பார்க்கிறோம்.

மலைக்கு மட்டுமா இந்த நிலை? வீட்டு நிலைவாசலுக்கு மேலே 786 என்ற எண் எழுதியிருக்கிறது. சுவரில் கஅபாவும் மதீனத்துப் பச்சைக் குவிமாடமும் அச்சிட்ட நாட்காட்டி தொங்குகிறது. அடுக்களையில் தீப்பெட்டி, அதன் முகத்தில் ஏதோவொரு சின்னம். மண்டியில் அடுக்கிய மூட்டைகளின் மேல் கறுப்பு மையில் வணிகரின் குறி. பரணில் ஒரு மரப்பெட்டி. அதனுள் நம் பாட்டிமார் ஓதிய கிதாபுகள். இவை யாவும் கண்ணிற் படுகின்றன, கருத்திற் படுவதில்லை.

இவ்வாறு பழகிப்போன பொருள்களையே எடுத்துக்கொண்டு, "இதை ஒருமுறை நின்று பாருங்கள்" என்று தம் நாட்டு மக்களை நிறுத்திய ஓவியர் சிலர் அமெரிக்காவில் தோன்றினர். கொடியையும் எண்ணையும் எழுத்தையும் அவர்கள் கல்லச்சில் வரைந்தனர். நம் பரணில் உறங்கும் கிதாபுகளும் அதே கல்லச்சிற் பிறந்தவைதாம். கடல் கடந்த அந்தக் கலையையும் நம் வீட்டுப் பெட்டியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை இப்போதே எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

சலவைக் கணக்கில் பிறந்த கலை

கல்லச்சை 'லித்தோ' என்றே நம்மவர் வழங்குவர். அதனைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய நாட்டின் பவேரியாவில் வாழ்ந்த அலோயிஸ் செனஃபெல்டர் என்பவர். அவர் நாடகாசிரியர். தம் நாடகங்களை அச்சிடப் பொருளின்றி, மலிவான வழி ஏதேனும் உண்டா என்று தேடிக்கொண்டிருந்தார். 1796ஆம் ஆண்டில் ஒருநாள், சலவைக்குப் போகவிருந்த துணிகளின் கணக்கை எழுதுமாறு அவருடைய தாயார் கேட்டாராம். கைக்கெட்டிய தூரத்தில் தாள் இல்லை. மெருகேற்றிய கல்லொன்று இருந்தது. மெழுகும் சவர்க்காரமும் விளக்குக் கரியும் கலந்த மையால் அந்தக் கல்லின் மேலேயே கணக்கை எழுதிவைத்தார். அந்த எழுத்தை அச்சாக்க முடியுமா என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு எழுந்ததாம். அவரே சொல்லிவைத்த வரலாறு இது. எத்தனை சட்டை, எத்தனை விரிப்பு என்ற வீட்டுக் கணக்கிலிருந்து ஒரு பெருங்கலை பிறந்தது நமக்குப் பிடித்த செய்தி. 1798 அளவில் அவர் முறையை முழுமையாக்கிவிட்டார்.

அதன் நுட்பம் எளியது: எண்ணெயும் நீரும் ஒட்டா. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மையால் எழுதுவார்கள். பின்னர், சிறிதளவு அமிலம் சேர்த்த கோந்து நீரைக் கல்லின்மீது பூசுவார்கள். அந்தக் கோந்துக்கு 'அரபுக் கோந்து' என்றே பெயர். நம் வேலமரத்துப் பிசினுக்கு அது உறவு. அதன் பிறகு கல்லை நீரால் நனைத்தால், எழுத்தில்லாத இடம் நீரை ஏற்கும்; எழுத்துள்ள இடம் நீரைத் தள்ளும். மை தோய்ந்த உருளையை உருட்டினால், ஈரமான இடத்தில் மை ஒட்டாது. எழுத்தில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் எழுதியது எழுதியபடியே, இடவலம் மட்டும் மாறி, தாளில் வந்துவிடும்.

இதற்குரிய சிறந்த கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரிற் கிடைக்கிறது. மாவுபோன்ற நுண்ணிய மணிகளால் ஆன சுண்ணாம்புக் கல் அது. நம் கல்வராயன் மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது கருங்கல் இனம். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஆகுமேயன்றி, இந்த வேலைக்கு ஆகாது. கல்லுக்குக் கல் குணம் வேறு.

இன்னுமொரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சிட்டு முடிந்ததும் கல்லை எறிந்துவிட மாட்டார்கள். மணலும் நீரும் இட்டு, மற்றொரு கல்லால் தேய்த்து, பழைய எழுத்தை அழித்துவிட்டு, அடுத்த நூலுக்கு அதே கல்லைப் பயன்படுத்துவார்கள். ஆகவே ஒரு நூல் அச்சாகி முடிந்தபின், அதன் மூலம் கல்லில் இருப்பதில்லை. தாளில் மட்டுமே இருக்கிறது.

கிதாபும் கல்லச்சும்

இந்தியாவுக்குக் கல்லச்சு வந்தது 1820களில். முஸ்லிம்கள் அதனை மனமார வரவேற்றார்கள். அதற்குத் தக்க காரணம் இருந்தது. அரபு எழுத்து தனித்து நிற்கும்போது ஒரு வடிவம், சொல்லின் முதலில் ஒரு வடிவம், இடையில் ஒரு வடிவம், கடையில் ஒரு வடிவம் என மாறுவது. அதற்கு மேலும் கீழும் ஸபர், ஸேர், பேஷ். இவ்வளவையும் ஈய எழுத்தாக வார்த்து, ஒன்றோடொன்று இணைத்துக் கோப்பது பெரும்பாடு. கோத்தாலும் கையெழுத்தின் ஓட்டமும் அழகும் அதில் வருவதில்லை. கல்லச்சிலோ காதிபு எழுதிய எழுத்து அவர் கையின் நெளிவு சுளிவோடு அப்படியே தாளில் இறங்கியது. தனிவகை மையால் தாளில் நேராக எழுதி, அதனைக் கல்லின்மீது கவிழ்த்து அழுத்தும் முறையும் இருந்தமையால், தலைகீழாக எழுதும் சிரமமும் காதிபுக்கு இல்லை. 1858இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் ஆயிரக்கணக்கான உருது, பாரசீக, அரபு நூல்களை இம்முறையில் பரப்பியது. அதன் உரிமையாளர் ஓர் இந்து என்பதையும் இங்கே நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

நம் தமிழகத்தில் கல்லச்சின் தேவை இன்னும் பெரிது. அரபுத்தமிழ் என்பது தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதுவது. தமிழுக்கு வேண்டிய 'ட'வும் 'ப'வும் 'ங'வும் அரபியில் இல்லை. ஆகவே உள்ள எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, நம் முன்னோர் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புதிய உயிர்க்குறிகளும் உண்டாயின. இந்த எழுத்தை ஈயத்தில் வார்க்க யார் முன்வருவார்? கல்லச்சு இருந்ததால், காதிபின் கை ஒன்றே போதுமானதாயிற்று. காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்கள் இல்லந்தோறும் பரவின. சென்னை, பம்பாய், தலைச்சேரி, கொழும்பு எனப் பல ஊர்களில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் கல்லச்சேறின.

அவற்றை மிகுதியாகப் படித்தவர்கள் பெண்கள். தமிழ் நெடுங்கணக்கைப் பள்ளியிற் கற்கும் வாய்ப்பு அன்றைய பெண்களுக்கு இல்லை. ஆனால் குர்ஆன் ஓதத் தெரியும். ஓதத் தெரிந்த எழுத்திலேயே தாய்மொழியும் வந்துவிட்டதால், தொழுகையின் சட்டமும் நோன்பின் விதியும் நபிமார் வரலாறும் பிள்ளை வளர்ப்பும் அவர்களுக்குக் கைவசமாயின. கடற்கரை ஊர்களிலிருந்து மணமாகி உள்நாட்டுக்கு வந்த பெண்களின் சீதனப் பெட்டியில் இத்தகைய கிதாபு ஒன்றேனும் வரும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் போன்ற கடலைக் காணாத ஊர்களுக்கும் இவை அவ்வாறே வந்து சேர்ந்தன.

ஒரு கிதாபைத் திறந்து பாருங்கள். பக்கத்தைச் சுற்றி இரட்டைக் கோட்டுச் சட்டம். சட்டத்துக்கு வெளியே சாய்ந்து ஓடும் ஹாஷியா. பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதற்சொல் காவலாளிபோல நிற்கும். எங்கோ ஒரு வரியில் காதிபின் பேனா மை வற்றி மெலிந்திருக்கும். அடுத்த சொல்லில் புது மை தொட்டுத் தடித்திருக்கும். அந்த மனிதர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் மூச்சு வாங்கிய இடம் தெரிகிறது.

புளியமரத்தின் பெயரால் ஒரு பட்டறை

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டில் கல்லச்சு ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. அதன் பிள்ளையான ஆப்செட் அச்சு தொழிற்சாலைகளை ஆட்கொண்டது. தகடு வந்து கல்லை வெளியேற்றியது. கலைஞனோடு அமர்ந்து கல்லில் அச்செடுக்கத் தெரிந்த கைகள் அருகிப்போயின.

அந்த வேளையில் இரு பெண்மணிகள் அதனை மீட்டெடுத்தனர். ஒருவர் ஜூன் வேய்ன். அவர் 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கல்லச்சுப் பட்டறையை நிறுவினார். அது 'டாமரிண்ட்' என்ற தெருவில் இருந்ததால் பட்டறைக்கும் அதுவே பெயராயிற்று. டாமரிண்ட் என்றால் புளி. அந்த ஆங்கிலச் சொல்லோ 'தம்ர் ஹிந்தி', அதாவது 'இந்தியப் பேரீச்சை' என்று அரபு வணிகர் நம் புளிக்கு இட்ட பெயரின் திரிபு. கல்வராயன் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் புளியின் பெயர், அரபியர் வாய்வழியே உலகைச் சுற்றி, அமெரிக்காவில் கல்லச்சைக் காத்த பட்டறையின் வாசலில் போய் நின்றது!

மற்றொருவர் டாட்டியானா கிராஸ்மன். ருஷ்யாவிற் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி, கணவருடன் பிரெனீஸ் மலையை நடந்தே கடந்து, அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் அவர்கள் வாழ்ந்த சிறு வீட்டின் முற்றத்தில், நடைபாதையில் பதித்திருந்த கற்களுள் இரண்டு பழைய கல்லச்சுக் கற்களாக இருந்தன. காலால் மிதித்து நடந்த கல்லே அவர் தொழிலுக்கு முதலாயிற்று. 1957இல் அவர் தம் அச்சகத்தைத் தொடங்கினார். 1960இல், ஜாஸ்பர் ஜான்ஸ் என்ற முப்பது வயது ஓவியரின் இல்லத்துக்குக் கற்களை அனுப்பி, "வரையுங்கள்" என்றார்.

ஜான்ஸ் எதை வரைந்தார்? வீரர்களையா, அரசர்களையா, அழகிய மாதரையா? இல்லை. அம்பும் குண்டும் எய்து பழகும் வட்டக் குறிப்பலகையை வரைந்தார். தம் நாட்டுக் கொடியை வரைந்தார். சட்டை மாட்டும் கம்பியை வரைந்தார். எண்களை வரைந்தார். மனம் முன்பே அறிந்துவைத்திருக்கும் பொருள்களையே தாம் எடுத்துக்கொள்வதாக அவர் கூறினார். 1954–55இல் உருக்கிய மெழுகில் அவர் தீட்டிய, 48 விண்மீன்கள் கொண்ட அமெரிக்கக் கொடி, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் முன் நின்றவர்கள், "இது கொடியா, கொடியின் படமா?" என்று திகைத்தார்கள். நாள்தோறும் வணங்கியும் கடந்தும் சென்ற ஒன்றை, அன்றுதான் அவர்கள் உற்றுப் பார்த்தார்கள்.

ஜான்ஸ் கல்லச்சில் செய்தவற்றுள் நம் நெஞ்சை மிகக் கவர்வது 1960 முதல் 1963 வரை அவர் உழைத்த எண் வரிசை. சுழியம் முதல் ஒன்பது வரை பத்து அச்சுகள். பத்துக்கும் ஒரே கல். முதலில் சுழியத்தை வரைந்து அச்செடுத்தார். பிறகு கல்லை முற்றிலும் தேய்த்துவிடாமல், சுழியத்தை ஓரளவு அழித்து, அதன்மேலேயே ஒன்றை வரைந்தார், ஒன்றின்மேல் இரண்டு, இப்படியே ஒன்பது வரை. ஆகவே ஒவ்வோர் எண்ணின் பின்னாலும் அதற்கு முன் சென்ற எண்களின் சாயல் மங்கலாகத் தெரிகிறது. தந்தையின் முகச்சாயல் மகனிடம் தெரிவதில்லையா? அது போல.

"அமெரிக்கர் எண் வரைந்தால் நமக்கென்ன?" என்று கேட்போர் இருக்கலாம். அந்த எண்கள் அமெரிக்காவில் பிறந்தவையல்ல. இந்தியாவில் பிறந்து, பக்தாதுக்குச் சென்று, அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி எழுதிய கணித நூலால் அரபுலகெங்கும் பரவி, பின்னர் ஐரோப்பாவை அடைந்தவை. ஐரோப்பியர் அவற்றை 'அரபு எண்' என்கின்றனர். அரபியரோ 'இந்திய எண்' என்றே அழைத்தனர். கொடுத்தவர் பெயரை மறவாமைக்கு இது நல்ல சான்று. வெறுமை என்று பொருள்படும் 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லே, தேர்வில் மதிப்பெண் வாங்காத பிள்ளையை நாம் கடிந்துகொள்ளும்போது 'சைபர்' என்று வாயில் வருகிறது. ஜான்ஸ் தம் கல்லில் முதலில் வரைந்தது அந்த ஸிஃப்ரைத்தான்.

மற்றுமொரு நிகழ்ச்சி. கிராஸ்மனின் அச்சகத்தில் ராபர்ட் ரௌஷன்பர்க் என்ற ஓவியர் வரைந்த கல் அச்சுப்பொறியில் இரண்டாக உடைந்தது. வேறொருவர் தலையில் கை வைத்து அமர்ந்திருப்பார். அவரோ உடைந்த கல்லிலேயே அச்செடுத்தார். படத்தின் குறுக்கே வெள்ளைப் பிளவு ஓடுகிறது. அடியிற் கற்சில்லுகளின் உருவும் பதிந்திருக்கிறது. 'விபத்து' என்று அதற்குப் பெயரிட்டார். 1963இல் லுப்லியானா நகரின் பன்னாட்டு அச்சுக்கலைக் கண்காட்சியில் அதற்கே தலைப் பரிசு கிடைத்தது.

நம் கடைத்தெருவின் சின்னங்கள்

ஜான்ஸ் தம் எழுத்துகளையும் எண்களையும் பலமுறை தம் மனம்போல வடிவமைக்கவில்லை. கடையில் விற்கும் ஸ்டென்சில் தகட்டை வைத்தே வரைந்தார். இதனை அறிந்தபோது நமக்கு நம் ஊர் மண்டிதான் நினைவுக்கு வந்தது. எம் பாட்டனார் கல்வராயன் மலைக்குச் சென்று கடுக்காயும் புளியும் கொள்முதல் செய்தவர். மூட்டை தைத்ததும், எழுத்து வெட்டிய தகரத்தை அதன்மேல் வைத்து, மை தோய்ந்த துணிப்பந்தால் ஒற்றுவார்கள். எழுத்தின் நடுவே தகரம் விட்டுப்போகாதிருக்கச் சிறு பாலங்கள் விட்டிருப்பார்கள். அதனால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு மூன்று துண்டாக நிற்கும். அந்த முறிந்த எழுத்தைக் கண்டதும் இது இன்னாருடைய சரக்கு என்று சென்னை வரை அறிவார்கள். வணிகரின் நாணயம் அந்தத் தகரத்தில் இருந்தது.

தீப்பெட்டியை நோக்குங்கள். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பெட்டியில் ஒட்டும் படங்களின் தேவையே அவ்வூரை அச்சு நகரமாக வளர்த்தது. எழுத்தறியாதவரும் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகப் பூவும் விலங்கும் வீட்டுப் பொருள்களும் சின்னங்களாயின. சுதந்திர இந்தியா 1951–52இல் முதற் பொதுத் தேர்தலை நடத்தியபோதும் அதே வழியைத்தான் மேற்கொண்டது: பெயரைப் படிக்க இயலாதவர் சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கட்டும் என்றது. இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் ஏணியை நம் சமுதாயத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏணி என்பது ஏறுவதற்கான கருவி மட்டுமன்று என்பதை ஒரு தலைமுறை அந்தச் சின்னத்தின் வழியே கற்றுக்கொண்டது.

786ஐயும் ஒருமுறை பாருங்கள். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதன் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் உள்ள மதிப்புகளைக் கூட்டினால் வரும் எண் அது. அவ்வாறு எழுதலாமா, கூடாதா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் இங்கே நம் வேலையன்று. மிதிபடக்கூடிய தாளிலும் அழிந்துபோகும் கணக்கேட்டிலும் இறைவன் திருநாமத்தை எழுத அஞ்சிய ஒரு மனம், அதனை மூன்று இலக்கங்களுக்குள் பொதிந்துவைத்தது. அந்த அச்சத்தில் எவ்வளவு அன்பு இருக்கிறது!

மரத்தில் செதுக்கிய வீடு

பழகிய சின்னங்களை அச்சுக்கலையில் உயர்த்தியவர்களுள் நம்மவர் ஒருவரும் உண்டு. 1937இல் அலிகாரிற் பிறந்த ஸரீனா ஹாஷ்மி, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த பேராசிரியரின் மகள். கணிதம் பயின்றவர். பின்னர்ப் பாரிஸிலும் தோக்கியோவிலும் அச்சுக்கலையைக் கற்று, நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் பெரிதும் கையாண்டது கல்லையன்று, மரத்தை. மரத்தைச் செதுக்குவது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் பெருமையுடன் அறிவோம்.

1999இல் ஸரீனா 36 மரச்செதுக்கு அச்சுகளை வரிசையாகச் செய்தார். வீடு, வாசற்படி, எல்லை, மொழி என ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் உருதுச் சொல். அந்தச் சொல்லுக்குச் சில கோடுகள். அவ்வளவே. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. பிரிவினைக்குப் பின் பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர, பிறந்த வீடு நினைவில் மட்டும் எஞ்சிய ஒரு பெண்ணின் துயரம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. கராச்சியில் வாழ்ந்த தமக்கை எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்களை 2004இல் அவர் அச்சாக்கி, அவற்றின் மேல் வீடுகளின் வரைபடங்களையும் நகர்களின் வரைபடங்களையும் பதித்தார். 2013இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாட் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 2020இல் அவர் இலண்டனில் இறையடி சேர்ந்தார். ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடிதமும் வாசற்படியும் தாய்மொழி எழுத்தும் உலகின் பெரிய கலைக்கூடத்தில் இடம்பெறத் தகுந்தவை என்பதை அவர் சொல்லாமற் சொல்லிச் சென்றார்.

மரியாதையோடு அழிப்பதா?

இப்போது, முன்பு சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறோம்.

அரபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் இடுவது நமக்குப் பெரும் பாவமாகத் தோன்றும். நைந்துபோன குர்ஆன் பிரதிகளைத் தூய துணியிற் சுற்றிக் கபுருஸ்தானில் அடக்குகிறோம்; அல்லது ஓடும் நீரில் விடுகிறோம். இது உயர்ந்த பண்பாடு, இதற்கு மறுப்பில்லை. ஆனால் அதே மூட்டையில் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் போய்விடுகின்றன. இளையவர்களுக்கு எழுத்து அரபி என்று மட்டுமே தெரிகிறது. உள்ளே இருப்பது தமிழ் என்பது தெரிவதில்லை. குர்ஆனுக்கு உலகெங்கும் கோடிக்கணக்கான பிரதிகள் உள்ளன. ஹாபிழ்களின் நெஞ்சங்கள் உள்ளன. அந்தக் கிதாபுக்கோ ஒருவேளை அதுவே கடைசிப் பிரதி. அதன் கல்லை என்றோ தேய்த்துவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். பரணிலிருந்து இறக்கிய கிதாபுகளை வெள்ளைத் துணியிற் கட்டி, அடக்கம் செய்ய எடுத்துவைத்திருந்தார்கள். அந்த வீட்டாரின் இசைவு பெற்று நாம் கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். மூன்று குர்ஆன் பிரதிகள். ஒரு மவ்லிது கிதாபு. அட்டையிழந்த ஓர் அரபுத்தமிழ்க் கிதாபு. அந்தக் கடைசிக் கிதாபின் இறுதியில் இருந்த வெற்றுத் தாளில், வேறொரு கையெழுத்தில், ஆறு வரிகள். எமக்கு அந்த எழுத்து சரளமாக ஓடாது. தெருக்கோடியில் வசித்த எண்பது வயது மூதாட்டியாரை அழைத்து வந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வலமிருந்து இடமாக நகர்த்தி, உரக்கப் படித்தார்.

அது பிறப்புக் கணக்கு. வீட்டில் பிறந்த ஆறு பிள்ளைகளின் பெயர், பிறந்த கிழமை, ஹிஜ்ரி ஆண்டு. நான்காம் வரி ஹிஜ்ரி 1352ஆம் ஆண்டின் ரமலானில் பிறந்த ஒரு மகனைப் பற்றியது. அவர் அந்த வீட்டு மருமகளின் மாமனார். அவர் பிறந்த நாள் எதுவென்று தெரியாமல், பள்ளி ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதிய தேதியையே வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தாராம். ஐந்தாம் வரியில் ஒரு பெண் குழந்தையின் பெயரும், அதன் அருகே 'நாற்பது நாள்' என்ற சொல்லும் இருந்தன. அப்படியொரு குழந்தை பிறந்ததையோ மறைந்ததையோ அந்த வீட்டில் எவரும் கேள்விப்பட்டதில்லை. எழுதியவர் யார்? அந்தப் பிள்ளைகளின் தாயாராகத்தான் இருக்க வேண்டும். படிப்பறியாதவர் என்று குடும்பத்தார் நம்பியிருந்த அம்மையார்! சுற்றி நின்ற பிள்ளைகள், அரபு எழுத்திலிருந்து தங்கள் வீட்டுத் தமிழ் ஒலிப்பதைக் கேட்டு வாயடைத்து நின்றார்கள்.

அன்று மாலை குர்ஆன் பிரதிகள் முறைப்படி அடங்கின. கிதாபு வீட்டிலேயே தங்கியது.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா என்ற பெரியவர், தம் வாழ்நாளெல்லாம் தமிழ் நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும்கூடச் சேர்த்துவைத்தார். "குப்பையைச் சேர்க்கிறார்" என்று நகைத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1992இல் அவர் மறைந்தபின் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது; அதனைக் கொண்டு 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பழகிய பொருளை உற்றுப் பார்த்த ஒரு மனிதரால் தமிழுக்கு ஒரு கருவூலம் கிடைத்தது.

ஆகவே நம் வேண்டுகோள் இதுதான். கிதாபுகளை அடக்கம் செய்யுமுன் ஒருநாள் பொறுங்கள். முகப்புப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாள்களையும் ஓரங்களையும் புரட்டிப் பாருங்கள். மையெழுத்து இருந்தால் அதனையும் படமெடுங்கள். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். அது தாளைத் தின்றுவிடும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூத்த பெண்மணி ஒருவர் இன்னும் உங்கள் ஊரில் இருக்கக்கூடும்; அவர் முன் பேரப்பிள்ளைகளை அமர வைத்து, ஒரு பக்கமேனும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குர்ஆன் எழுத்தை முன்பே அறிந்த பிள்ளைகளுக்கு அந்தப் புதிய புள்ளிகளைக் கற்றுக்கொள்ளச் சில நாள்கள் போதும்.

முதல் வஹீயே ஓதுதலையும் எழுதுகோலையும் குறித்து இறங்கியது என்று பெருமை பேசும் சமுதாயம் நாம். பெயரறியாத காதிபு ஒருவர் கல்லின்மேல் குனிந்து எழுதியதையும், பெயர் மறந்துபோன தாய் ஒருத்தி அதன் கடைசித் தாளில் தன் பிள்ளைகளை எழுதிவைத்ததையும் படிக்காமலேயே மண்ணுக்குக் கொடுப்பது அந்தப் பெருமைக்கு அழகாகாது. படித்துக் காக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.